ஒரிஜினலா, லோக்கலா? ஸ்போர்ட்ஸ் காரின் காற்று வடிகட்டியைப் பிரித்துப் பார்த்தால்

கடலூர் மஞ்சக்குப்பத்து நண்பர் ஒருவர் ஆசைப்பட்டுப் பழைய போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை வாங்கினார். 2008ஆம் ஆண்டு வண்டி, 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 245 குதிரைத்திறன். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் ஜாதி. அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றாலே துணிக் கூரையைப் பாதி மடக்கி, கீழே இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். புதுச்சேரியில் ஒரு பட்டறையில் அப்படிக் கழற்றிக் காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்ததும் மெக்கானிக் சிரித்துவிட்டார். உள்ளே ஒரு கைப்பிடி மல்லாட்டைத் தோல். நிலக்கடலைக்கு நம் பக்கத்துப் பெயர் அது. ஏதோ ஒரு சுண்டெலி ஒரு பருவம் முழுக்க அங்கே குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது.

புதுச்சேரிப் பதிவைக் குறிக்கும் பி.ஒய். எண் பலகை மாட்டிய சொகுசுக் கார் என்றால் அது புதுச்சேரிச் சாலையில் ஓடியதாக அர்த்தமில்லை. வரி குறைவு என்பதற்காக இங்கே பதிந்துவிட்டு வேறு மாநிலத்தில் ஓட்டுவது நெடுநாள் வழக்கம். 2017இல் கேரளத்தில் அது பெரிய வழக்காகவே வெடித்தது. ஆனால் இந்த வண்டி நம் பக்கத்தில்தான் இருந்தது என்பதற்கு அந்த மல்லாட்டைத் தோலைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்து மெக்கானிக் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வடிகட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். அதற்கு அப்பால் எஞ்சினை நோக்கிப் போகும் குழாய்க்குள், வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டு ஒரு சுற்றுத் துடைத்தார். வெளியே எடுத்தபோது துணியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. வடிகட்டியைத் தாண்டிய இடம் அது. அங்கே தூசியே இருக்கக் கூடாது. "அண்ணே, இந்த மூலையைப் பாருங்கள். வடிகட்டி இங்கே உட்காரவே இல்லை" என்று காட்டினார். முந்தைய உரிமையாளர் போட்டிருந்தது பெயர் தெரியாத ஒரு மலிவுப் பிரதி. அதன் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் நூலளவு குறைந்திருந்தது. அந்த நூலளவு வழியாகத்தான் வானூர்ச் செம்மண் எத்தனையோ மாதமாக எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நண்பர் கேட்டது வேறு. "எதைப் போட்டால் பிக்கப் கூடும்?" ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். வடிகட்டி விற்பவர்களும் இதற்கே பதில் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

பதிலுக்குப் போகும் முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 'ஒரிஜினல்' என்றால் குறைந்தது இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கார் நிறுவனத்தின் முத்திரையோடு அதன் சர்வீஸ் நிலையத்தில் கிடைப்பது. மற்றொன்று, அந்த நிறுவனத்துக்கே வடிகட்டி செய்து கொடுக்கும் ஆலை தன் சொந்தப் பெயரில் விற்பது. கார் நிறுவனங்கள் பொதுவாகக் காற்று வடிகட்டியைத் தாமே செய்வதில்லை. ஜெர்மனியின் மான் ஹும்மல், மாலே போன்ற வடிகட்டி நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. பல சமயம் ஒரே சரக்கு இரண்டு பெட்டிகளில் வருகிறது; விலை மட்டும் இரண்டு. இந்த இரண்டாவது வகையையும் 'லோக்கல்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், எண்ணெய் பூசிய பருத்தித் துணி வடிகட்டி, நுரைப்பஞ்சு வடிகட்டி, கூம்பு வடிவில் திறந்து கிடக்கும் வடிகட்டி, அச்சு அசலாக ஒரிஜினலைப் போல் செய்த மலிவுப் பிரதி, எல்லாமே 'வெளிச்சந்தை' என்ற ஒரே கூடையில் விழுகின்றன. இந்தக் கூடைக்குள் தங்கமும் உண்டு, தகரமும் உண்டு. ஒட்டுமொத்தமாக ஒரிஜினலா வெளிச்சந்தையா என்று கேட்டால் பதில் கிடைக்காமல் போவது இதனால்தான்.

சரி, பிக்கப். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேல் காற்று. புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி வழியாகக் கடலூர் போய்ச் சேர்வதற்குள் இந்த வண்டி இரண்டு தண்ணீர் லாரி கொள்ளளவுக்குக் காற்றை இழுத்துவிடும். இத்தனை காற்று போகும் வாசலில் ஒரு காகிதத்தைக் குறுக்கே வைத்தால் தடை இருக்கத்தானே செய்யும்? அதைக் குறைத்தால் சக்தி கூடத்தானே வேண்டும்? கூடும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

2.7 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது 8,100 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. அந்த உச்சத்தில், சுத்தமான நல்ல காகித வடிகட்டி உண்டாக்கும் அழுத்த இழப்பு ஒன்று அல்லது இரண்டு கிலோபாஸ்கல். வெளியே இருக்கும் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். புது வடிகட்டி இந்த இழப்பை ஒன்றரையிலிருந்து முக்காலாகக் குறைத்துவிட்டது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். லாபம் முக்கால் சதவீதம். 245 குதிரையில் இரண்டு குதிரைகூட முழுதாக இல்லை. வண்டியின் எடை சுமார் 1,300 கிலோ. அதில் முக்கால் சதவீதம் பத்து கிலோ. முன்பக்கச் சாமான் அறையில் கிடக்கும் பத்து கிலோ அரிசிப் பையை இறக்கி வைத்தாலும் இதே பிக்கப் கிடைக்கும். வடிகட்டி வாங்குவதைவிட அது மலிவு.

இந்த லாபமும் ஆக்ஸிலரேட்டரை அடி வரை மிதித்தால்தான். மற்ற நேரங்களில் காற்று உள்ளே போகும் வழியில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் திறக்கும் திராட்டில் தகடு பாதி மூடியபடி நிற்கிறது. குழாயையே கையால் பொத்திப் பிடித்திருக்கும்போது, அதன் வாயில் கட்டிய வடிதுணி மெல்லியதா தடித்ததா என்று பார்த்து என்ன பயன்? இந்திரா காந்தி சிலைச் சதுக்கத்து நெரிசலில் இரண்டாவது கியரில் நகரும் வண்டிக்கு எந்த வடிகட்டியும் ஒன்றுதான்.

மைலேஜ் கூடும் என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்க அரசின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் இதைச் சோதித்து வெளியிட்டது. கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் எஞ்சின்களில், அடைத்துப்போன வடிகட்டியை மாற்றிப் புதியது போட்டபோதும் எரிபொருள் சிக்கனத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. வேகமெடுப்பு மட்டும் 6 முதல் 11 சதவீதம் மேம்பட்டது. கார்புரேட்டர் வைத்த பழைய காரில்தான் எரிபொருள் 2 முதல் 6 சதவீதம் வரை மிச்சமானது. நம் அப்பாக்கள் காலத்து அறிவுரை கார்புரேட்டரோடு ஓய்வு பெற்றுவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது: அந்த வேகமெடுப்பு வித்தியாசம் அடைத்த வடிகட்டிக்கும் சுத்தமான வடிகட்டிக்கும் இடையே. ஒரு சுத்தமான வடிகட்டிக்கும் இன்னொரு சுத்தமான வடிகட்டிக்கும் இடையே அல்ல.

கூம்பு வடிகட்டி விஷயத்தில் லாபம் நஷ்டமாகவே திரும்பலாம். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு எஞ்சின் அறைக்குள் திறந்தபடி மாட்டினால், அது இழுப்பது எஞ்சின் சூட்டில் வெந்த காற்று. வெளியே 35 டிகிரி; உள்ளே நெரிசலில் நிற்கும்போது 60 டிகிரி என்றால், அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி ஏழரை சதவீதம் குறைந்துவிடும். முக்கால் சதவீதம் சம்பாதிக்கப் போய் ஏழரையைத் தொலைப்பது. ஏழரை என்ற எண் தற்செயலாக வந்ததுதான். பாக்ஸ்டரின் பெட்டி கதவுக்குப் பின்னே உடம்பில் இருக்கும் துவாரம் வழியாக வெளிக்காற்றை இழுக்கும்படி தொழிற்சாலையிலேயே அமைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கச் சொல்லும் 'குளிர்காற்று வசதி' அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் கூம்பு மாட்டியவர் வண்டி பறக்கிறது என்று சத்தியம் செய்வார். பொய் சொல்லவில்லை. பெட்டிக்குள் அடங்கியிருந்த உறுமல் வெளியே கேட்கிறது. காது சொல்வதைக் கால் நம்பிவிடுகிறது. அந்த உறுமலுக்காகவே ஒருவர் வாங்கினால் எனக்கு மறுப்பில்லை. ஸ்போர்ட்ஸ் காரே ஒரு ஆடம்பரம்தானே.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த எஞ்சினின் கணக்குக் கொஞ்சம் வேறு. அங்கே வடிகட்டியின் தடை டர்போவுக்கு முன்னால் வருவதால் அதன் விளைவும் பெருகும். கணினி நிரலை மாற்றிச் சக்தியைக் கூட்டிய வண்டியில், காற்றோட்டமும் கூடுவதால், நல்ல வெளிச்சந்தை வடிகட்டிக்கு நியாயம் உண்டு. நண்பரின் வண்டியில் டர்போ இல்லை.

இனி தூசிக்கு வருவோம். வடிகட்டி என்று பெயர் வைத்ததே அதற்குத்தான்.

ஆரோவில், வானூர்ப் பக்கம் போனவர்களுக்குச் செம்மண் தெரியும். கடலூரில் கேப்பர் மலையும் அதே நிறம். கடலோரம் வந்தால் மணல். இவற்றில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகளின் கடினம் மோஸ் அளவுகோலில் ஏழு, இரும்பைக் கீறிவிடும். கண்ணுக்குத் தெரியும் மணலை எந்த வடிகட்டியும் நிறுத்திவிடும். ஆபத்து 5 முதல் 20 மைக்ரான் வரையிலான பொடியில். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே இருக்கும் எண்ணெய்ப் படலமும் மெல்லியதுதான். பொடி அதற்குள் சிக்கினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல் இரண்டு பக்கமும் தேயும். எஞ்சின் அன்றைக்கே நின்றுவிடாது. மூன்று வருடம் கழித்து ஆயில் குடிக்கத் தொடங்கும். அப்போது யாரும் வடிகட்டியைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

வடிகட்டிகளை ஒப்பிட ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சோதனை முறை இருக்கிறது. அளவு நிர்ணயித்த சோதனைத் தூசியைக் காற்றோடு ஊட்டி, எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு தடை தருகிறது, அடைத்துப்போகும் வரை எத்தனை கிராம் தாங்குகிறது என்று மூன்றையும் அளப்பார்கள். விளம்பரங்கள் இந்த மூன்றில் தமக்குச் சாதகமான ஒன்றை மட்டும் சொல்லும். பிடிக்கும் திறனைச் சொன்னாலும் சதவீதத்தில் ஒரு மயக்கம் உண்டு. 99.5 சதவீதம், 98.5 சதவீதம் என்று இரண்டு வடிகட்டிகள் இருந்தால் வித்தியாசம் ஒன்றே ஒன்று என்று தோன்றும். மறுபக்கமிருந்து பாருங்கள். நூறு கிராம் தூசி வந்தால் முதலாவது அரை கிராமை உள்ளே விடுகிறது. இரண்டாவது ஒன்றரை கிராமை. எஞ்சினைப் பொறுத்தவரை அது மூன்று மடங்கு மண்.

இதில் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி, காகித வடிகட்டி புதிதாக இருக்கும்போதுதான் சற்றுப் பலவீனம் என்பது. மேலே ஒரு மெல்லிய தூசிப் படலம் படிந்ததும் அந்தப் படலமே இன்னொரு வடிகட்டியாகி நுண்பொடியைப் பிடிக்கத் தொடங்குகிறது. காபி வடிகட்டியில் தூள் படிந்த பிறகு டிகாக்ஷன் தெளிவாக இறங்குவதில்லையா, அது போல. ஆகவே மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் கம்ப்ரஸரில் காற்று அடித்துப் போடும் நம் ஊர்ப் பழக்கம் நன்மைக்குப் பதில் தீமை செய்கிறது. படலம் போகும், அழுத்தம் அதிகமானால் காகித இழையும் கிழியும். இருட்டில் வடிகட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் கிழிந்த இடம் நட்சத்திரம் போல் மினுங்கும்.

மலிவுப் பிரதியையும் நல்ல வடிகட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகப்பின் அளவு ஒன்றுதான். மடிப்புகளை எண்ணினால் கதை மாறும். உதாரணத்துக்கு 20 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் ஆழத்தில் 60 மடிப்பு இருந்தால், விரித்துப் போட்ட காகிதம் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். 44 மடிப்பென்றால் 0.7 சதுர மீட்டர். பரப்பு குறைந்தால் அதே காற்று ஒவ்வொரு இடத்திலும் வேகமாகப் பாய வேண்டும்; தடையும் கூடும், சீக்கிரம் அடைத்தும் போகும். மலிவு வடிகட்டி செய்பவர் காகிதத்தை மிச்சம் பிடிப்பது இங்கேதான். ஒரிஜினலை வெறும் காகிதம் என்று ஏளனம் செய்பவர்கள் இந்த மடிப்புகளை எண்ணிப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் சிவப்பு நிறப் பருத்தி வடிகட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு நகரத்தில் 1969இல் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் புழுதிக்காட்டு மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்காகச் செய்த சரக்கு அது. பருத்தி வலையில் எண்ணெய் பூசி, தூசியை ஒட்டிக்கொள்ளச் செய்யும் உத்தி. எண்ணெயில் தூசியைப் பிடிப்பது நமக்கும் புதிதல்ல. கடலூர் மாவட்டத்துக் கரும்பு வயல்களில் உழுத பழைய டிராக்டர்களிலும், பழைய ஜீப்புகளிலும் எண்ணெய்க் கிண்ணம் வைத்த ஏர் கிளீனர்தான் இருந்தது. கிண்ணத்தின் அடியில் சேறு போல் மண் தங்கியிருக்கும். வழித்துப் போட்டுவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுவார்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது சரியாகப் பிடிக்காது என்பதால் காகிதம் அதன் இடத்தைப் பிடித்தது.

பருத்தி வடிகட்டியில் கோளாறு பெரும்பாலும் சரக்கில் இல்லை, கையில் இருக்கிறது. கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து, ஒவ்வொரு மடிப்பிலும் அளவாக எண்ணெய் தடவ வேண்டும். நம் பட்டறைகளில் தோசைக்கல்லுக்கு விடுவது போல் தாராளமாக விட்டுவிடுகிறார்கள். மிஞ்சிய எண்ணெய் காற்றோடு பறந்து, அடுத்து இருக்கும் காற்றளவு சென்சாரில் படிகிறது. அந்தச் சென்சார் சூடேற்றிய ஒரு மெல்லிய படலம். பாயும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்தே பெட்ரோல் அளவு தீர்மானமாகிறது. பழைய கம்பி வகைச் சென்சார்கள் எஞ்சினை அணைத்ததும் கம்பியைச் செக்கச் செவேலென்று காய்ச்சி அழுக்கை எரித்துக்கொள்ளும். பிறகு வந்த படல வகைக்கு அந்த வசதி இல்லை. எண்ணெய் படிந்தால் பொய்க் கணக்குச் சொல்லும். வண்டி திக்கும், எஞ்சின் விளக்கு எரியும். எண்ணெய் குறைவாக விட்டாலோ செம்மண் தாராளமாக உள்ளே போகும். அளவறிந்து தடவத் தெரிந்தவருக்கு இரண்டு பயமும் இல்லை.

அதை வாங்கச் சொல்லும் இன்னொரு வாதம், ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்க மிச்சம் என்பது. தினமும் ஓடும் வாடகைக் காருக்கு அந்தக் கணக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலாப்பட்டு வரை போய்த் திரும்பும் வண்டிக்கு எத்தனை காகித வடிகட்டி செலவாகிவிடும்? கழுவும் மருந்து, எண்ணெய் இரண்டின் விலையையும் சேர்த்தால் அசல் திரும்பவே பத்து வருடம் ஆகும்.

மழையையும் மறக்கக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தெருவே ஆறானது. காற்றுக் குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்கிக் கட்டும் வெளிச்சந்தை அமைப்புகள் இப்படிப்பட்ட ஊருக்குச் செய்தவை அல்ல. காற்றைச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. ஒரு டம்ளர் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதற்குப் பிறகு வடிகட்டியின் விலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கடைசியில் நண்பர் வாங்கியது வடிகட்டி நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் வந்த காகித வடிகட்டி. சர்வீஸ் நிலையத்தில் சொன்ன விலையில் பாதிகூட ஆகவில்லை. விளிம்பு நான்கு மூலையிலும் பதிகிறதா என்று பார்க்க, மெக்கானிக் பெட்டியின் ஓரம் முழுக்க மெல்லிதாகக் கிரீஸ் தடவி, வடிகட்டியை ஒருமுறை வைத்து மூடித் திறந்து காட்டினார். ரப்பரில் கிரீஸ் கோடு எங்கேயும் அறுபடாமல் சுற்றி வந்திருந்தது. துடைத்துவிட்டு மாட்டினார்.

ஆறு மாதம் கழித்து அதே பட்டறையில் மறுபடியும் திறந்தோம். குழாய்க்குள் விட்ட துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. வடிகட்டிக்கு இந்தப் பக்கம் மட்டும் புதிதாக நாலைந்து மல்லாட்டைத் தோல்.